மதிலுக்கு உள்ளே நீர்: இலவந்திகை, குளப்புரை, நீச்சல்குளம்

1

கட்டடத்தைப் பிரதியாக வாசிக்க வேண்டும் என்று சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாயிற்று. கோயிலை வாசித்தோம். சிறைச்சாலையையும் ஆஸ்பத்திரியையும் ஃபூக்கோவின் துணையோடு வாசித்தோம். வீட்டை வாசித்தது குறைவு. அதிலும் வீட்டோடு ஒட்டி, கூரை போட்டுக் கட்டுகிற நீச்சல்குளத்தை வாசிக்கலாம் என்று சொன்னால், ‘அது பணக்காரச் சமாச்சாரம்லா, நமக்கு எதுக்கு வே’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பணக்காரச் சமாச்சாரம் என்பதாலேயேதான் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சமூகம் தன்னுடைய ஆசையைத் தடையில்லாமல் கட்டிப்பார்க்கும் இடம் அங்கேதான் இருக்கிறது.

நாஞ்சில்நாட்டிலும் அதை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பக்கங்களிலும் பூர்வீக வீட்டைப் புதுப்பித்து, தென்னந்தோப்புப் பக்கமாக ஒரு கூடம் இழுத்து, அதற்குள் நீச்சல்குளம் வைக்கிற ஆசை இப்போது தலைகாட்டுகிறது. வெளிநாட்டுச் சம்பாத்தியம், ரிசார்ட் பழக்கம் எல்லாம் காரணம்தான். ஆனால் வீட்டுக்குள் நீரைக் கொண்டுவந்து மதில் கட்டி வைத்துக்கொள்ளும் ஆசை புதியது அல்ல. நமக்கு அதற்கென்று சொந்தப் பெயர்களே உண்டு. அந்தப் பெயர்களில் தொடங்கி, இந்தக் கட்டுமானம் எப்படி வேலை செய்கிறது என்று முடிந்தவரை தொழில்நுட்பமாகவே விளக்கிவிட்டு, பிறகு அதன் அரசியலுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பம்பும் வடிகட்டியும் எதற்கு என்று கேட்கலாம். குழாய் எங்கே போகிறது என்று பார்க்காமல் அதிகாரம் எங்கே போகிறது என்று பேசினால் அது வெறும் சொல்லாடலாகவே நின்றுவிடுகிறது.

2

இலவந்திகை என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. அரசனும் அவனுடைய உரிமை மகளிரும் நீராடுவதற்கென்று குளத்தைச் சுற்றி அமைத்த காவலுள்ள சோலை என்று பழைய உரைகள் அதற்குப் பொருள் சொல்கின்றன. வேண்டும்போது நீரை நிறைக்கவும் வேண்டாதபோது போக்கவும் பொறி வைத்த குளம் என்ற பொருளும் உண்டு. பாண்டியன் ஒருவனுக்கு அங்கேயே உயிர் போயிருக்கிறது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூறு அவனை அடையாளம் காட்டுகிறது. ஆக, பொறி வைத்து நீர் ஏற்றி இறக்கும் தனியார் நீச்சல்குளம் என்ற கருத்து தமிழுக்கு அந்நியமானதல்ல.

என் கவனம் போவது அந்தக் குளத்தின் மேல் அல்ல, அதன் மதிலின் மேல். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்பும்போது இலவந்திகையின் மதிலுக்கு வெளிப்புறமாகத்தான் நடந்து போகிறார்கள். மணிமேகலையில், பூப்பறிக்க எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வரும்போது, அந்த மதில்பக்கம் போனால் அரசனின் ஆட்கள் இருப்பார்கள் என்று எச்சரிக்கப்படுகிறது. இரண்டு காப்பியங்களிலும் இலவந்திகை வெளியிலிருந்துதான் தெரிகிறது. உள்ளே நீர் எப்படி இருந்தது என்று கண்ணகிக்குத் தெரியாது, மணிமேகலைக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது மதிலும் காவலும். இதே இலக்கியப் பரப்பில்தான் பரிபாடலின் வையைப் புனலாட்டும் இருக்கிறது. அங்கே ஊரே திரண்டு ஆற்றில் இறங்குகிறது. பின்னால் பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடல் ஒரு பருவமாகவே இடம்பெற்றுவிடுகிறது. நீராடல் எல்லாருக்குமான கொண்டாட்டமாக இருந்த மரபும், மதிலுக்குள் போன மரபும் அக்கம்பக்கமாகவே இருந்திருக்கின்றன. நம் இலக்கிய வரலாறுகள் முதலாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். இரண்டாவதை அருஞ்சொல் அகராதியில் ஒரு வரியாக விட்டுவிடும்.

3

இலவந்திகை சோழ, பாண்டிய அரசர்களுடையது. நம் பக்கத்தில் அதன் உறவுமுறைக்காரர் குளப்புரை. ‘புரை’ என்றால் கட்டடம். ஊட்டுப்புரை, அறப்புரை, உரப்புரை என்று வேணாட்டுப் பகுதி வீடுகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரை. நாலுகட்டு, எட்டுக்கட்டு வீடுகளோடு சேர்ந்த குளத்தின் படித்துறைமேல் ஓட்டுக்கூரை இறக்கி, பக்கச்சுவர் எழுப்பி, குளிப்பவரை வெளிக்கண் படாமல் மறைக்கிற அமைப்புதான் குளப்புரை. பழைய தரவாட்டு வீடுகளில் ஆணுக்கு ஒரு துறை, பெண்ணுக்கு ஒரு துறை என்று பிரித்து வைப்பதும் உண்டு.

கட்டிய முறையைக் கவனித்துப் பாருங்கள். பக்கவாட்டில் வெட்டுக்கல்லோ கருங்கல்லோ அடுக்கிப் படி இறக்குவார்கள். அடி மண்ணாகவே இருக்கும். நீர் குழாயில் வருவதில்லை. ஊற்றாகவும் மழையாகவும் வருகிறது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறினால் குளத்திலும் ஏறும், அங்கே வற்றினால் இங்கேயும் வற்றும். நிறைந்தது தோப்புக்கோ வயலுக்கோ வழியும். மீன் கிடந்து கொசுப்புழுவைத் தின்னும். கூரை மேலே இருந்தாலும் ஓரங்கள் திறந்தே இருப்பதால் ஈரக்காற்று தங்காது. மரம் இற்றுப்போவதும் மெதுவாகத்தான். வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாரினால் போதும். தொழில்நுட்பமாகச் சொன்னால், குளப்புரையில் கட்டடம் மூடியிருக்கிறது, நீர் திறந்திருக்கிறது.

இதன் பெரிய அளவிலான சாட்சியை பத்மநாபபுரத்தில் பார்க்கலாம். ஊரின் பழைய பெயரே கல்குளம். தாலுகாவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். 1601 வாக்கில் கட்டத் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்த அரண்மனையின் வளாகத்துக்குள்ளேயே கல்படி இறங்கும் குளிகுளம் உண்டு. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரள அரசிடமே நின்றுவிட்டது. கட்டணம் கொடுத்து உள்ளே போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊட்டுப்புரையையும் உப்பிரிக்கை மாளிகையையும் பார்த்துவிட்டுக் குளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வழிகாட்டிகள் ராஜா குளித்த இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

யார் குளிக்கவில்லை என்பதுதான் நம் கேள்வி. குளப்புரைச் சுவர் காத்தது சில உடல்களைத்தான். அதே திருவிதாங்கூரில், 1820களில் தொடங்கி 1859 வரை, தோளில் சீலை போடும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் போராட வேண்டியிருந்தது. கல்குளமும் இரணியலும் நாகர்கோவிலும் அந்தக் கலகம் நடந்த இடங்கள். 1859 ஜூலையில்தான் அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள அரசு அறிவிப்பு அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். ஒரு பக்கம் உடலை மறைப்பதற்காகவே கல்லும் ஓடும் கொண்டு ஒரு கட்டடம். இன்னொரு பக்கம் ஒரு முழத் துணிக்காக நாற்பது வருஷத்து அடிதடி. இவை இரண்டும் ஒரே ஒழுங்கமைவின் இரண்டு முகங்கள் என்று பார்க்காமல், குளப்புரையின் கட்டடக்கலை அழகைப் பற்றி மட்டும் பேசினால் நாமும் வழிகாட்டி வேலையைத்தான் செய்கிறோம்.

உழைப்பின் கணக்கும் உண்டு. ஊழியம் என்ற கூலியில்லா வேலை திருவிதாங்கூரில் சட்டப்படியே இருந்தது. அடிமைமுறை ஒழிப்பு அறிவிப்பு வந்தது 1855இல். மண் வெட்டிச் சுமந்த கைகளுக்கும் வெட்டிய குளத்தின் படிக்கும் நடுவே தீட்டின் தூரம் இருந்தது. குளமும் குலமும் ஓர் எழுத்து வித்தியாசம்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். படித்துறையில் அந்த வித்தியாசமும் இருந்ததில்லை.

4

இனி நவீன வடிவத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பழைய வீட்டுக்காகத் தயாரித்த வரைபடத்தைப் பார்க்க வாய்த்தது. வீட்டின் வடக்குப் பக்கமாகக் கூடம். உள்ளே 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழத்தில் குளம். வரைபடத்தில் அது ஒரு நீலச் செவ்வகம். அந்தச் செவ்வகத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

பெருக்கிப் பார்த்தால் 52 கன மீட்டர், அதாவது 52,000 லிட்டர் நீர், 52 டன் எடை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒருநாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ எட்டு மாத நீர் இந்தச் செவ்வகத்துக்குள் கிடக்கும். ஒருமுறை நிரப்பினால் சுழற்சியில் பல மாதம் ஓட்டலாம் என்று பொறியாளர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் நீர் சும்மா இருப்பதில்லை. நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால்கூட 160 லிட்டர் காற்றில் போகிறது. தினமும் மூன்று பேரின் பங்கு. வடிகட்டியைக் கழுவிவிடும் நீர் தனி.

தொட்டியை எடுத்துக்கொள்வோம். கம்பி கட்டிய கான்கிரீட், அதன்மேல் நீர் கசியாப் பூச்சு, அதன்மேல் ஓடு. நீர் வெளியே போகாமல் இருப்பது ஒரு பாதி வேலை. வெளிநீர் உள்ளே வராமல் இருப்பது மறுபாதி. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடத்தில் தொட்டியைக் காலியாக விட்டால் அது படகு மாதிரி மிதந்து மேலே எழும்பப் பார்க்கும், கான்கிரீட் வெடித்துவிடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டு தடவை நனைக்கிற வயல்காட்டு நிலத்தில் இது வெறும் பாடப்புத்தகப் பயம் அல்ல. அதனால் அடியில் கல் பரப்பி வடிகால் வைக்கிறார்கள், அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வு வைக்கிறார்கள். குளப்புரையில் எந்த ஊற்றை எதிர்பார்த்து மண்ணைத் தோண்டினார்களோ அதே ஊற்று இங்கே எதிரி. அடிநீரைத் தடுத்து நிறுத்தி, அதே அடிநீரை ஆழ்துளைக் கிணறு வழியாக உறிஞ்சி மேலே ஊற்றுகிறோம். இதற்குச் சட்டமும் துணை. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி நிலத்துக்காரன் தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003இல் கொண்டுவந்த சட்டத்தை 2013இல் விலக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது நீரின் சுத்தம். ஊற்றில்லாத நீர் தானாகச் சுத்தமாகாது. விளிம்பில் வழியும் நீரைப் பிடித்து, பம்பு வழியாக மணல் வடிகட்டிக்குள் செலுத்தி, குளோரின் சேர்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்த நீரையும் சுற்றவிட வேண்டும். மீனுக்கும் தவளைக்கும் இங்கே இடமில்லை. ஓர் உயிர் தென்பட்டால் அது பராமரிப்புக் குறைபாடு.

உண்மையான சிக்கல் காற்றில்தான் இருக்கிறது. மூடிய கூடத்துக்குள் ஆவியாகும் நீர் எங்கே போகும்? கூரையில் படியும், மரத்தை ஊதவைக்கும், இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும், சுவர் வழியாகப் பழைய வீட்டின் அறைகளுக்குள் ஏறும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். 160 லிட்டருக்கு நூறு யூனிட்டுக்கு மேல். அந்த வெப்பமும் ஈரமும் கூடத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. அதனால் காற்றின் வெப்பத்தை நீரின் வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகமாக வைக்கச் சொல்கிறார்கள். ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்குள் பிடித்துவைக்கச் சொல்கிறார்கள். கூடத்துக் காற்றழுத்தத்தை வீட்டின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, ஈரம் வீட்டுப்பக்கம் போகாமல் தடுக்கச் சொல்கிறார்கள். வியர்வையும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் குளோரமின் நெடியை வெளியேற்ற வேண்டும். இதைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரம் உதாரணம். 1985 மே மாதம் அங்கே ஒரு நீச்சல்கூடத்தின் கான்கிரீட் உள்கூரை மொத்தமாக விழுந்து 12 பேர் செத்தார்கள். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் குளோரைடு கலந்த ஈரக்காற்று உள்ளுக்குள்ளேயே பிளந்துவிட்டிருந்தது. ‘துருப்பிடிக்காத’ என்ற பெயரை நம்பியவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

இந்த விதிகளெல்லாம் யாருக்காக எழுதப்பட்டவை? வெளியே பனி பெய்யும் நாட்டில், உள்ளே வெதுவெதுப்பான நீரில் நீந்த வேண்டும் என்பதற்காக. குளிர்நாட்டில் கூரை ஒரு தேவை. நாகர்கோவிலில் வெளிக்காற்றே பெரும்பாலான நாட்களில் ஈரமும் சூடுமாக இருக்கிறது. கூடத்தை அடைத்துவிட்டு, உள்ளேயிருந்து வரும் ஈரத்தோடும் வெளியிலிருந்து வரும் ஈரத்தோடும் மின்சாரம் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் ஓரம் திறந்த ஓட்டுக்கூரை போதும். அப்படியானால் சுற்றிலும் அடைத்த கூடம் எதற்கு? தட்பவெப்பம் இங்கே காரணமில்லை. காரணம் கண்.

5

பிறர் கண்ணில் படாமல் நீந்துவது என்ற ஆசையை எளிதாகப் பரிகசித்துவிட முடியாது. ஊர்க்குளம் ஒரு சமத்துவ வெளி என்று நம்மில் சிலர் எழுதிவிடுகிறோம். அதில் குளித்து வளர்ந்த பெண்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்கிறார்கள். ‘கொளத்துல முங்கி எந்திரிச்சா ஊருக் கண்ணு முழுக்க முதுகுல ஒட்டியிருக்கும் மக்கா, கதவு உள்ள குளிமுறி வந்த பெறவுதான் மூச்சு விட்டோம்’ என்று உறவுக்கார அக்கா ஒருத்தி சொன்னதை நான் கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை, கோட்பாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஈரச்சேலையோடு வரப்பில் நடந்து வீடு திரும்புவதில் நாட்டுப்புற அழகியலைக் கண்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மறைவு என்பது உரிமை. தோள்சீலைக்காகப் போராடிய பெண்கள் கேட்டதும் ஒரு வகையில் இதைத்தான்: என் உடலை யார் பார்க்கலாம் என்பதை நான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே சுவர் கூடாது என்பதல்ல நம் வாதம். மறைவு யாருக்குக் கிடைக்கிறது, அந்த மறைவு எந்த நேரத்தில் விலக்காக மாறுகிறது என்பதைத்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஃபூக்கோ 1967இல் நிகழ்த்திய ஓர் உரையில் ‘வேற்றிடங்கள்’ பற்றிப் பேசும்போது, சில இடங்கள் திறந்தும் மூடியும் இருக்கும், அவற்றுக்குள் நுழையச் சடங்கோ அனுமதியோ வேண்டும் என்கிறார். இஸ்லாமிய ஹமாம் குளியலையும் ஸ்காண்டிநேவிய நீராவிக் குளியலையும் உதாரணமாகச் சொல்கிறார். தூய்மை பற்றிய இடங்களில்தான் நுழைவு பற்றிய விதிகள் கடுமையாக இருக்கும் என்பதை நம்முடைய படித்துறைகளைப் பார்த்திருந்தால் அவர் இன்னும் தீவிரமாகச் சொல்லியிருப்பார்.

பொதுநீர் திறக்கப்படும் நேரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த விலக்கு பளிச்சென்று தெரிகிறது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள், பிறகு சாணமும் கோமியமும் தயிரும் குடம் குடமாக ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். சாணம் கலந்த நீர் சுத்தம், மனிதன் தொட்ட நீர் அசுத்தம். அந்தக் குளத்தின் மீதான உரிமை நீதிமன்றத்தில் உறுதியாக 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இது நீச்சல்குளத்தின் கதையாகவே நடந்தது. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரத்து விடுதிக் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கியபோது விடுதிக்காரர் அந்த நீரில் அமிலத்தை ஊற்றினார். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், இனப்பிரிவினை கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, எல்லாரையும் உள்ளே விடுவதற்குப் பதிலாக நகராட்சி நீச்சல்குளங்களையே மூடிவிட்டது. 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்த மூடலை ஏற்றுக்கொண்டது. பொதுக்குளங்கள் கலந்த பிறகு வெள்ளையர்கள் கிளப் குளங்களுக்கும் வீட்டுக்குளங்களுக்கும் ஒதுங்கிய வரலாற்றை ஜெஃப் வில்ட்ஸ் 2007இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதாவது, வீட்டு நீச்சல்குளம் பரவியதற்கு வசதி மட்டுமே காரணமல்ல. பொதுநீரில் யாரோடு உடல் நனைய வேண்டிவரும் என்ற பயமும் காரணம்.

நம் வீடுகளில் இப்போது வரும் நீச்சல்கூடத்துக்கு இதே காரணத்தை நேராகப் பொருத்துவது அவசரம். கட்டுகிறவர் சாதியை நினைத்துக் கட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கருத்தியல் ஒருவர் நினைப்பதால் மட்டும் இயங்குவதில்லை, அவர் நினைக்கத் தேவையில்லாமலேயே இயங்குகிறது. வேண்டாத நீர், வேண்டாத காற்று, வேண்டாத கண் மூன்றையும் கருவி வைத்து வெளியே நிறுத்தும் கூடம், தீட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே தீட்டின் இலக்கணத்தில் கட்டப்பட்டிருக்கிறது. இந்த இலக்கணம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. நீர் இன்னும் நம் சமூகத்தின் மிகக் கூர்மையான ஆயுதமாகத்தான் இருக்கிறது.

6

இதற்கு எதிரான கட்டுமானம் நம் மண்ணிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் கட்டுரை பாதியில் நின்றுவிடும். சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வழியில் வந்த முத்திரிக்கிணறு அது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, சேர்ந்து உண்டார்கள் என்பது அய்யாவழி மரபு. இன்றும் பதிக்குப் போகிறவர்கள் அங்கே நீராடிவிட்டுத்தான் போகிறார்கள். குளிப்பதையும் துவைப்பதையும் கூட்டு ஒழுக்கமாக்கிய துவையல் பந்தி கடலோரத்தில் நடந்ததும் அந்தக் காலத்தில்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12இல். இவற்றுக்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு கிணறு திறந்துகிடந்திருக்கிறது. தூய்மை என்ற அதே சொல்லை எடுத்து, பிரிப்பதற்குப் பதிலாகச் சேர்ப்பதற்குப் பயன்படுத்தியதுதான் அதன் கலகம். கட்டுடைப்பு என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்குத் தெரிதாவைச் சொல்வதற்கு முன்னால் நான் முத்திரிக்கிணற்றைச் சொல்வேன்.

நவீனக் கட்டடக்கலையிலும் வேறு வழி காட்டியவர் உண்டு. லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும்போது, குளம் ஒன்றின் பக்கத்தில் உயரமான செங்கல் சல்லடைச் சுவரை எழுப்பி, காற்றழுத்த வேறுபாட்டால் குளிர்ந்த காற்று தானாகக் கட்டடத்துக்குள் வரும்படி செய்தார். அடைத்து வைத்துக் காற்றோடு சண்டை பிடிக்கவில்லை. அவருடைய சல்லடைச் சுவர் கண்ணை மறைக்கும், காற்றை விடும். மறைவும் திறப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு அந்த ஒரு சுவரே போதும்.

7

கட்டத்தான் போகிறேன் என்கிறவரிடம் மூன்று விஷயங்கள் சொல்லலாம். சுற்றிலும் அடைக்காதீர்கள், ஓரம் திறந்த ஓட்டுக்கூரையும் சல்லடைச் சுவரும் வைத்தால் கண்ணும் மறையும், ஈரமும் போகும், மின்சாரமும் மிச்சம். பழைய வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பழைய மரத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் குளோரின் ஈரம் ஆகாது. கூரையில் விழும் மழையைத் தொட்டிக்கு எடுங்கள், ஆழ்துளைக் கிணற்றை நம்பாதீர்கள். உங்கள் பம்பு ஓடும்போது அடுத்த வீட்டுக் கிணறும் இறங்குகிறது. இதுவரை சொன்னது பொறியாளரும் சொல்லக்கூடியது.

நம்மைப் போன்றவர்கள் பேச வேண்டியது அடுத்தது. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது, நல்ல விஷயம். ஊர்க்குளங்கள் பலவற்றில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் நிறைந்து கிடக்கின்றன. குளத்தில் இறங்காத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது; அதில் நீச்சல் கற்றுக்கொள்வது பணம் கட்டிப் படிக்கிறவர்களின் பிள்ளைகள் மட்டும். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். குளம் அசிங்கமாகக் கிடப்பது வீட்டுக்குள் நீச்சல்குளம் வைப்பதற்கு நல்ல நியாயமாகிவிடுகிறது. வசதியுள்ளவர் வீட்டுக்குள் ஒதுங்கிய பிறகு ஊர்க்குளத்தைக் கேட்பதற்குச் செல்வாக்குள்ள ஆளும் இல்லாமல் போகிறது. ஜாக்சன் நகரத்தில் உத்தரவு போட்டு மூடினார்கள். இங்கே உத்தரவு தேவைப்படவில்லை.

அதனால், குளம் தூர்வார மதிப்பீடு போடும் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபைக்குப் போய்க் கேட்க வேண்டியவை சில உண்டு. படித்துறையில் பெண்களுக்குக் கதவுள்ள உடைமாற்றும் அறை இருக்கிறதா? பிள்ளைகள் நீந்தப் பழக ஆழமில்லாத ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறதா? சேரியிலிருந்து வரும் பாதை எந்தத் துறையில் முடிகிறது, அந்தத் துறையில் யார் குளிக்கிறார்கள்? சாக்கடையை எந்த மடையில் திருப்பப் போகிறார்கள்? இந்த நாலு கேள்விக்கும் பதில் மதிப்பீட்டுத் தாளில் எழுத்தாக வர வேண்டும். குளப்புரையின் சுவரை ஊர்க்குளத்துக்குக் கொண்டுவருவது, முத்திரிக்கிணற்றின் நுழைவை அந்தச் சுவருக்குள் கொண்டுவருவது, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்பதுதான் வடிவமைப்புப் பிரச்சினை. இதற்குக் கட்டடக் கலைஞர் வேண்டும், மேஸ்திரி வேண்டும், தகராறு பண்ண ஆளும் வேண்டும்.